ஓப்பனிங் ஸ்டாக்

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். படிப்பதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, எழுந்து போய் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். மேல் தட்டில், பின்னால், சுவரை ஒட்டினாற்போல் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். மூடியைத் திறக்க வேண்டாம். 'இதுல என்ன இருக்கு?' என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் புதன்கிழமை வைத்த கூட்டு என்பார். இன்னொருவர், 'அது அன்னிக்கே தீர்ந்துபோச்சே, இது மாவு' என்பார். திறந்து பார்க்கிற தைரியம் மட்டும் யாருக்கும் இருக்காது.

நான் பி.காம். படித்தவன். சரக்குக் கணக்கில் எங்களுக்கு இரண்டு முறைகள் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் வந்த சரக்கை முதலில் வெளியே அனுப்பினால் 'ஃபிஃபோ'. கடைசியாக வந்ததை முதலில் அனுப்பினால் 'லிஃபோ'. மூன்று வருஷம் படித்ததில் இன்றைக்கும் எனக்கு உபயோகப்படுவது இது ஒன்றுதான். ஏனென்றால் நம் வீட்டு ஃப்ரிட்ஜ்கள் அத்தனையும் லிஃபோ! நேற்று வைத்த சாம்பார் முன்னால் நிற்கும், அதுதான் முதலில் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை வறுத்த கோழி பின்னால் தள்ளப்பட்டு, இன்னும் பின்னால் தள்ளப்பட்டு, வியாழக்கிழமை குப்பைக்கூடைக்குப் போகும்.

இப்படி மிஞ்சிப்போகிற சோறு, கறி, காய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக ஊரே சிபாரிசு செய்வது ஃப்ரைடு ரைஸ். 'மிச்சம் இருக்கா? ஃப்ரைடு ரைஸ் பண்ணிடுங்க!' பத்திரிகை இணைப்பில் சொல்கிறார்கள், சமையல் புத்தகத்தில் சொல்கிறார்கள், யூடியூப்பில் தலையில் குல்லா வைத்த தம்பிகள் சொல்கிறார்கள்.

இந்த வாரம் நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தச் செய்முறைகளைத்தான். சினிமாவை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம். தினமும் கோடிப்பேர் படித்து, பார்த்து, நம்பி, அடுப்பைப் பற்ற வைக்கிற சமையல் குறிப்பை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. 'சூப்பர் சிஸ்டர், ட்ரை பண்ணிட்டுச் சொல்றேன்' என்பதோடு சரி.

எனக்கு இதில் சொந்தப் பகை ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஊருக்குப் போயிருந்தார். நான், என் பையன், என் அம்மா மூன்று பேர்தான் வீட்டில். மதியம் கோழி வறுவல் ஆயிற்று. ராத்திரிக்குச் சுடச்சுடச் சோறு வடித்தேன், அளவு தெரியாமல் வடித்ததால் பாதி மிஞ்சிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். 'நேத்து வடிச்ச சாதம்தான் ஃப்ரைடு ரைஸுக்கு பெஸ்ட்' என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஆகவே மிஞ்சிய சோற்றை அப்படியே மேடைமேல் மூடிவைத்தேன். ஃப்ரிட்ஜில் இடம் இல்லை, மேலே சொன்ன லிஃபோ சமாசாரம்!

அம்மா தூங்கப் போகுமுன் எட்டிப் பார்த்தார். "தண்ணி ஊத்தி வைக்கலையாடா?"

"தண்ணி ஊத்தினா ஃப்ரைடு ரைஸ் வராதும்மா."

"என்னமோ போ."

மறுநாள் காலை பத்து மணிக்குச் செய்தேன். சோறு உதிரி உதிரியாக நின்றது. துளி நாற்றம் இல்லை. கோழி வறுவலைப் பிய்த்துப் போட்டு, சோயா சாஸ் ஊற்றி, கரண்டியால் தட்டித் தட்டி, ஹோட்டல் மாஸ்டர் சத்தம் வேறு கொடுத்தேன். பையன் இரண்டு தட்டு சாப்பிட்டான். ஒரு மணிக்கு வாந்தி எடுக்க ஆரம்பித்தான். இரண்டு மணிக்கு நான். அம்மா மட்டும் பிழைத்தார். எண்ணெய் வேண்டாம் என்று இட்லி சாப்பிட்டிருந்தார்.

பக்கத்துத் தெரு டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நான் கோழியைத்தான் சந்தேகப்பட்டேன். அவர் கோழியைப் பற்றி அப்புறம் கேட்டார். முதலில் கேட்டது வேறு.

"சாதம் ராத்திரி எங்க இருந்துச்சு?"

அதற்குப் பிறகு நான் ஃப்ரைடு ரைஸ் செய்முறைகளாகத் தேடித் தேடிப் படித்தேன், பார்த்தேன். தமிழில், ஆங்கிலத்தில், நூற்றுக்கு மேல் இருக்கும். எந்த ஊர் சோயா சாஸ், முட்டையை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா, கேரட்டை எத்தனை மில்லிமீட்டருக்கு நறுக்குவது என்று எல்லாம் இருந்தது. அந்த டாக்டர் கேட்ட கேள்வி மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். அரிசியில் 'பாசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் விதைகள் இருக்கும். (பெயரிலேயே சீரியஸ்!) மண்ணிலிருந்து வருவது. சோறு கொதித்தாலும் இந்த விதைகள் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக மேடைமேல் உட்கார்ந்திருக்கும்போது முளைத்து, பெருகி, ஒரு விஷத்தைக் கக்கும். அந்த விஷம் இருக்கிறதே, அது பாக்டீரியாவைவிட அழுத்தமானது. பிரஷர் குக்கர் சூட்டுக்கே மசியாது. 'நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்' என்கிற நம் வீட்டு சாஸ்திரம் இங்கே செல்லாது. சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். அபூர்வமாக உயிரையும் எடுத்திருக்கிறது.

இந்த வியாதிக்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1970களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் சீன ஓட்டல்களில் சாப்பிட்டவர்களுக்கு வரிசையாக வாந்தி வந்தது. விசாரித்தால், எல்லாம் ஃப்ரைடு ரைஸ். அங்கே சமையல்காரர்கள் மொத்தமாகச் சோறு பொங்கி, ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி தட்டிவிடும், வெளியே வைத்தால் உதிரியாகக் காயும் என்பது அவர்கள் கணக்கு. நான் மே மாதம் சென்னையில் செய்த அதே காரியம். அது இங்கிலாந்துக் குளிர். நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது.

ஆக, ஃப்ரைடு ரைஸ் என்பது முந்தின நாள் ராத்திரி ஆரம்பிக்கிற சமையல். செய்முறைகளோ மறுநாள் அடுப்பைப் பற்ற வைக்கிற இடத்திலிருந்து கதை சொல்கின்றன. முதல் ரீல் இல்லாத படம். என் புகார் இது ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு சில பிரபலமான சரக்குகளைப் பார்ப்போம்.

முதலில், உலகப் புகழ் பெற்ற சண்டை. பி.பி.சி.யின் சமையல் வீடியோ ஒன்றில் ஹெர்ஷா படேல் என்ற பெண்மணி முட்டை ஃப்ரைடு ரைஸ் செய்து காட்டினார். அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, சல்லடையில் கொட்டி வடித்து, குழாயைத் திறந்து அந்தச் சோற்றைக் கழுவினார். 2020 ஜூலையில் நைஜல் இங் என்ற மலேசியக் காமெடியன், ஆரஞ்சு கலர் சட்டை போட்ட 'அங்கிள் ரோஜர்' என்கிற வேஷத்தில் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஒரு வீடியோ போட்டார். ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த உலகம் விழுந்து விழுந்து சிரித்தது. அது தன்னுடைய செய்முறை இல்லை, தான் தொகுத்து வழங்கியவர் மட்டும்தான் என்று அந்தப் பெண்மணி விளக்கம் சொன்னார். பிறகு இருவரும் சேர்ந்தே ஒரு வீடியோவில் வந்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் பாதியில் ஒரு சந்தேகம். சோற்றை வடித்ததற்கா இவ்வளவு சிரிப்பு? நம் வீடுகளில் காலங்காலமாக வடிக்கத்தானே செய்கிறோம்? தட்டை மூடி, பானையைச் சாய்த்து, கஞ்சி சொட்டச் சொட்ட நிமிர்த்திவைத்தால்தானே அது சோறு? குக்கர் வந்து அந்தப் பழக்கத்தைப் பாதி விழுங்கிவிட்டது, அது வேறு கதை. வடித்தால் சோற்றின் மேலே இருக்கிற கொழகொழப்பு கஞ்சியோடு போய்விடுகிறது. ஃப்ரைடு ரைஸுக்கு அது நல்லதுதான்.

அந்த வீடியோவில் தப்பு வடித்தது இல்லை. வடித்து, கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட அன்றைக்கே வாணலியில் போட்டதுதான் தப்பு. சோற்றுக்கு ஆறி இறுக நேரம் கொடுக்கவில்லை. அங்கிள் ரோஜருக்கு அது தெரிகிறது, நேற்றைய சோறுதான் சரி என்கிறார். சரியான பேச்சு. ஆனால் அந்த நேற்றைய சோறு எங்கே படுத்துத் தூங்கியது என்பதை அவரும் நமக்குச் சொல்லவில்லை. காமெடியனைக் கேட்கிற கேள்வியா என்று நீங்கள் சொல்லலாம். அவரைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே ஃப்ரைடு ரைஸ் செய்கிறது சார்!

அடுத்தது, சீனாவிலிருந்து அரசாங்க முத்திரையோடு வந்த சரக்கு. ஜியாங்சு மாகாணத்தில் யாங்ஜோ என்று ஒரு ஊர். ஃப்ரைடு ரைஸ் என்றாலே அந்த ஊர் பெயரைச் சொல்வார்கள், நம் ஊரில் திருநெல்வேலி அல்வா மாதிரி. கண்டவர்களும் கண்டதைப் போட்டு 'யாங்ஜோ' என்று விற்கிறார்களே என்ற கவலையில், 2015-ல் அந்த நகர நிர்வாகம் தரநிர்ணயம் ஒன்று வெளியிட்டது. சோறு, முட்டையோடு கோழித் தொடை, பன்றித் தொடைக்கறி, இறால், கடல் அட்டை, உலர்ந்த சிப்பிக்கறி, காளான், மூங்கில் குருத்து, பட்டாணி எல்லாம் இருந்தால்தான் அது அசல் யாங்ஜோ.

கடல் அட்டை எந்த வீட்டில் ஐயா மிஞ்சும்? மிச்சத்தை வைத்துச் செய்கிற சாப்பாட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தினால் அது மிச்சச் சாப்பாடு இல்லை, கல்யாணச் சாப்பாடு. ஓட்டலுக்கு அந்தப் பட்டியல் பொருந்தும். வீட்டுக்குப் பொருந்தாது.

கூத்து அதோடு முடியவில்லை. அதே வருஷம் அக்டோபரில் அதே ஊரில் கின்னஸ் சாதனைக்காக நாலு டன்னுக்கு மேல் ஃப்ரைடு ரைஸ் கிளறினார்கள். கிளறியதில் ஒரு பகுதி பன்றிப் பண்ணைக்குத் தீனியாகப் போனது வெளியே தெரிந்து ஊரே திட்டியது. மனிதர்கள் சாப்பிட வேண்டும் என்பது கின்னஸ் விதி. சாதனை செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்! மிஞ்சியதை வீணாக்காமல் இருக்கக் கண்டுபிடித்த பண்டத்தை டன் கணக்கில் செய்து, அதையே மிச்சம் வைத்திருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

சிரித்துவிட்டோம். நம் பக்கம் வருவோம்.

நம் பத்திரிகை இணைப்புகளில் 'மீந்ததில் விருந்து' என்கிற மாதிரி தலைப்போடு வருகிற குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பு மீந்தது. தேவையானவை என்று கீழே பார்த்தால் பாஸ்மதி அரிசி இரண்டு கப், எலும்பில்லாத கோழி கால் கிலோ, குடமிளகாய் மூன்று நிறத்தில், வெங்காயத்தாள், பேபிகார்ன், செலரி. இதில் மீந்தது எது? ஒருநாள் சாயங்காலம் இப்படி ஒரு குறிப்பைப் பின்பற்றிக் கடைக்குப் போய்வந்து பில்லைக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பது ரூபாய் பெறாத மிச்சத்தைக் காப்பாற்ற முந்நூற்றுச் சொச்சம் செலவு செய்திருந்தேன். மீதி செலரி ஃப்ரிட்ஜின் மூலையில் அடுத்த வாரம் கறுத்துப்போனது. மிச்சம் குறையவில்லை, கூடியது!

பாஸ்மதி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃப்ரைடு ரைஸ் என்றால் பாஸ்மதி என்று நம் ஊரில் எப்படியோ சட்டமாகிவிட்டது. சீனாவில் ஃப்ரைடு ரைஸுக்குப் பாஸ்மதி போடுகிற வழக்கம் கிடையாது. உதிரியாக நிற்கும் என்பதுதான் காரணம் என்றால், நம் வீட்டுப் புழுங்கலரிசி என்ன பாவம் செய்தது? நெல்லாக இருக்கும்போதே ஒரு தடவை அவிந்து காய்ந்தது அது. அதன் மாவுச்சத்து அப்போதே இளகி, பிறகு இறுகியிருக்கிறது. அதனால் வெந்த பிறகு பச்சரிசி போல ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. புழுங்கலரிசியைப் பதமாக வடித்து, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால், வாணலியில் தனித்தனியாகத் துள்ளும். மணம் வராது, ஒத்துக்கொள்கிறேன். கோழி வறுவல் வாசனைக்கு முன்னால் பாஸ்மதி மணம் யாருக்குத் தெரியப்போகிறது?

பாராட்ட ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அமெரிக்காவில் கெஞ்சி லோபஸ்-ஆல்ட் என்று ஒருவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் எழுத மாட்டார். வாணலிச் சமையலுக்காகவே 2022-ல் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் போட்டார். ஃப்ரைடு ரைஸுக்கு நேற்றைய சோறு, இன்றைய சோறு, மின்விசிறிக்கு அடியில் ஆறவைத்த சோறு என்று விதவிதமாக வைத்துச் செய்து பார்த்தவர் அவர். சோறு பழையதா என்பதைவிட, மேல்பக்கம் காய்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று கண்டுபிடித்தார். புதுச் சோற்றைத் தட்டில் பரப்பி விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதுமாம். செய்து பார்த்தேன். சரியாக வருகிறது. வாந்தி பயமும் இல்லை.

ஆனால் பாருங்கள், ஃப்ரைடு ரைஸ் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் புதுச் சோறு வடித்து விசிறி போடுவது, டிபன் சாப்பிடுவதற்காகப் பசியை வரவழைத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. மனுஷர் சமையலைத் தீர்த்துவைத்தார், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்.

எனக்குப் பிடித்தவர் வேறொருவர். புவெய் யாங் சாவ் என்ற சீனப் பெண்மணி. டாக்டருக்குப் படித்தவர். கணவர் மொழியியல் பேராசிரியர். 1945-ல் அமெரிக்காவில் சீனச் சமையல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'ஸ்டிர் ஃப்ரை' என்று இன்று உலகமே சொல்கிறதே, அந்த வார்த்தை அந்தப் புத்தகம் கொடுத்த வார்த்தை. அதற்கு முன்பு ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே இல்லை. நான் மெச்சுவது அதை இல்லை. புத்தகத் தலைப்பிலேயே சமைப்பதோடு சாப்பிடுவதையும் சேர்த்திருக்கிறார். குறிப்புகளுக்குப் போகுமுன், ஒரு சீன வீட்டில் வேளாவேளைக்கு என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதற்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். அதைப் படித்தால்தான் இந்தச் சோறு எப்படி மிஞ்சியது, யாருக்காக வறுபடுகிறது என்று புரியும். டாக்டர் அல்லவா! எங்கள் டாக்டர் மாதிரியே முதல் ரீலிலிருந்து விசாரிக்கிறார்.

இன்னொரு ஏமாற்று வேலையையும் சொல்லிவிட வேண்டும். வீடியோவில் வாணலியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார்களே, சோறு நெருப்புக்கு மேலே அலை மாதிரி எழுந்து விழுகிறதே, அதை நம்பி வீட்டில் இறங்காதீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓட்டல் மாஸ்டர்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாஸ்டர் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட மூன்று தடவை வாணலியை ஆட்டுகிறார். அத்தனை நெருப்பிலும் சோறு கருகாமல் சுடுவதற்கு அந்த வேகம்தான் காரணம். அதற்குக் கூலியாக அவர்களுக்குக் கிடைப்பது தோள்பட்டை வலி. நம் தெருமுனைத் தள்ளுவண்டியில் ராத்திரி பதினொரு மணிக்கு 'டங் டங்' என்று தட்டுகிற தம்பிக்கும் அந்த வலி இருக்கும், நாம் கேட்டதில்லை. நம் வீட்டு அடுப்பின் நெருப்பு அவர்கள் அடுப்பில் ஒரு சின்னப் பங்கு. அதில் வாணலியைத் தூக்கினால் சூடு போவதுதான் மிச்சம். வைத்த இடத்தில் வைத்துப் பரப்பிவிட்டுப் புரட்டுங்கள். நாலு பேருக்கான சோற்றை ஒரே தடவையில் கொட்டினால் வறுபடாது, ஆவியில் வெந்து களியாகும். இரண்டு பேர் அளவாக இரண்டு தடவை செய்யுங்கள். இதையும் வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. ஒரே தட்டுதானே அவர்களுக்கு வேண்டும், படம் பிடிக்க!

இவ்வளவு குறை சொன்னவன் ஒரு செய்முறை எழுதிக் காட்ட வேண்டாமா? எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சோறு மிஞ்சியது தெரிந்த உடனே அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். குவியலாக வைத்தால் நடுவில் சூடு மணிக்கணக்கில் தங்கும். ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். கட்டி தட்டுமே என்றால் தட்டட்டும், மறுநாள் ஈரக் கையால் உதிர்த்தால் உதிரும். மறுநாளே தீர்த்துவிட வேண்டும். ஒரு நாளைக்குமேல் வைக்காதே, ஒரு தடவைக்குமேல் சூடாக்காதே என்பது இங்கிலாந்து உணவுத் துறையின் அறிவுரை. அவர்கள் 1970களில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

கறியையும் ராத்திரியே கவனியுங்கள். குழம்பில் கிடந்த துண்டுகளைக் குழம்போடு வைக்காமல் தனியே எடுத்து, எலும்பு நீக்கி, பிய்த்து, மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். வறுவலாக இருந்தால் இன்னும் வசதி. டப்பாவை முன்னால் வையுங்கள், ஃபிஃபோ!

காய்களில் எல்லாப் பொரியலும் உதவாது. தேங்காய் போட்ட பொரியல் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் கெடும், வாணலியில் எண்ணெய் கக்கும். தேங்காய் போடாத பீன்ஸ், கேரட், கோஸ் பிரமாதம். வெண்டைக்காய் மொறுமொறுவென்று வறுத்ததாக இருந்தால் தாராளமாகப் போடலாம், எந்தச் சீனப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது. கூட்டு, சாம்பார்க் காய் எல்லாம் தண்ணீர்ச் சாமான், தள்ளி வையுங்கள்.

திங்கட்கிழமை வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், நசுக்கிய பூண்டு. முதலில் கறி. அது சுடச்சுட ஆகி ஓரம் முறுகும்வரை விடக்கூடாது. சும்மா வெதுவெதுப்பாக்கிச் சோற்றைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். பிறகு காய். இரண்டையும் எடுத்துவைத்துவிட்டு முட்டை, அதன்மேல் சோறு, பரப்பி, ஓரம் பொரிகிற சத்தம் கேட்டதும் புரட்டி, கறியையும் காயையும் திரும்பச் சேர்த்து, கடைசியில் சோயா சாஸ் வாணலியின் ஓரமாக ஒரு ஸ்பூன். உப்பு போடாதீர்கள். வறுவலில் உப்பு இருக்கிறது, பொரியலில் இருக்கிறது, சாஸில் இருக்கிறது. 'உப்பு தேவையான அளவு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்களே, மிச்சச் சமையலில் தேவையான அளவு பல நாள் பூஜ்யம்தான்.

அஜினோமோட்டோ? 1908-ல் ஒரு ஜப்பானிய விஞ்ஞானி கடல்பாசியில் கண்டுபிடித்த ருசி அது. சொல்லப்படுகிற அளவுக்கு அது கெடுதல் செய்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் முந்தின நாள் மசாலா ஊறிய கோழிக்கு அது தேவைப்படாது. சோயா சாஸ்கூட இல்லாமல் வெறும் மிளகுத்தூளோடு செய்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் பார்த்தேன். ஒரு வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது. இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த ருசி!

ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் வறுத்த சட்டி காலியானதும், அடியில் ஒட்டியிருக்கிற மசாலாவோடு அம்மா சோற்றைப் போட்டு, அடுப்பின் மிச்சச் சூட்டில் பிரட்டி, ஆளுக்கு ஒரு உருண்டை கையில் கொடுப்பார். சட்டிச் சோறு! உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். கறித்துண்டு இரண்டு அதில் ஒளிந்திருந்தால் அதற்கு அடிதடி. அப்போது அதற்குச் செய்முறையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. பரோட்டாக் கடைக்காரர் மிஞ்சிய பரோட்டாவைக் கொத்திப் போட்டதும் இதே யோசனைதான். இந்தோனேஷியாவில் முந்தின ராத்திரிச் சோற்றைக் காலையில் வறுத்து 'நாசி கோரெங்' என்கிறார்கள். பெருவில் குடியேறிய சீனர்கள் கொண்டுபோனது அங்கே 'சாவ்ஃபா' ஆகி, பெருக்காரர்களின் சொந்தச் சாப்பாடாகவே மாறிவிட்டது. இப்படி உலகம் முழுக்கச் சட்டியை வழித்திருக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை மேலே சொன்ன முறைப்படியே செய்தேன். மனைவிக்குப் பிடித்திருந்தது. பையன் முதலில் தட்டை மோந்து பார்த்தான், அது அவன் உரிமை. பிறகு இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டான். நான் வெற்றிக்களிப்போடு அம்மாவிடம் காலி டப்பாவைக் காட்டினேன். ஒரு பருக்கை பாக்கி இல்லை, குளோஸிங் ஸ்டாக் நில்!

அம்மா டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் வறுத்துட்டியா? எனக்கு ஒரு கைப்பிடி தண்ணி ஊத்தி வைக்கலாம்னு இருந்தேன். நாளைக்குக் காலைல நான் என்னத்தடா குடிக்கிறது?"